கேஎல் மோனோரயில், பினாங்கு எல்.ஆர்.டி, தண்டவாளம் இல்லாத ட்ராம்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் கேஎல், அதாவது கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ்காரன். துன் சம்பந்தன் மோனோரயில் ஸ்டேஷன்ல ஏறி ராஜா சூலான்ல எறங்கி வேலைக்கு போறேன், பல வருசமா இதே தான். தாத்தா செந்தூல் ரயில் ஒர்க்ஷாப்ல வேல செஞ்சவரு, அந்த ரயில் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. அதனால கல்யாண வீட்டுக்கு போனாலும் சரி, மாமாக் கடையில தே தாரிக் குடிக்க உக்காந்தாலும் சரி, யாராவது ஒருத்தர் மோனோரயில் பத்தி ஆரம்பிச்சுடுவாங்க. பினாங்கு சொந்தக்காரங்க எல்.ஆர்.டி (நகரத்துக்குள்ள ஓடுற இலகு ரயில்) பத்தி கேக்குறாங்க, சென்னைலேர்ந்து வர்றவங்க வேற மாதிரி கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்சப்ல தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்ருக்கேன்.

தம்பி, மோனோரயிலும் எல்.ஆர்.டி-யும் ஒன்னு தானே? ரெண்டும் தலைக்கு மேல தானே ஓடுது?

ஒன்னு இல்ல அங்கிள். எல்.ஆர்.டி, எம்.ஆர்.டி (பெரிய மெட்ரோ ரயில்), கொமூட்டர் (புறநகர் ரயில்) எல்லாத்துலயும் ரெண்டு இரும்பு தண்டவாளம் இருக்கும், அது மேல இரும்பு சக்கரம் ஓடும். நம்ம மோனோரயில்ல தண்டவாளமே கெடையாது. ஒரே ஒரு கான்கிரீட் பீம், குதிரை மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருவோம்ல அந்த மாதிரி ரயில் அந்த பீம் மேல உக்காந்து ஓடுது. எடைய தாங்குற டயர் பீமோட தலைல உருளும், ரெண்டு பக்கத்துலயும் படுக்க வச்ச மாதிரி இன்னும் சில டயருங்க இருக்கும், அதுல கொஞ்சம் திருப்பத்துல வழி விலகாம புடிச்சுக்க, கொஞ்சம் பெட்டி சாயாம நிக்க. எல்லாமே ரப்பர் டயர், லாரி டயர் மாதிரி.

அடுத்த தடவ பிளாட்பாரத்துல நிக்கும்போது பீம நல்லா பாருங்க. தலைல டயர் ஓடி ஓடி கறுத்துப் போயிருக்கும், பக்கச் சுவத்துலயும் கறுப்பு கோடு ஓடும். ஒரு பீமும் அடுத்த பீமும் சேர்ற எடத்துல விரல் கோர்த்த மாதிரி இரும்புத் தகடு போட்ருப்பாங்க, ரயில் போகும்போது தடக் தடக்னு வர்ற சத்தம் அதுலேர்ந்து தான். பழைய ரெண்டு பெட்டி ரயில்ல ஏறினா பெட்டிக்கு நடுவுல தரை ஒசந்து மேடா இருக்கும், அதுக்கு மேல சீட் போட்ருப்பாங்க. அந்த மேட்டுக்கு அடியில தான் டயர் இருக்கு. ரயிலோட பாதி எஞ்சினியரிங்க அந்த சீட்டுல உக்காந்தே புரிஞ்சிக்கலாம்.

கம்பில தொங்கிட்டு போற மாதிரி ஒன்னு ஜெர்மனில இருக்கே, அதுவும் மோனோரயில் தானா?

ஆமா, அது தொங்குற வகை. வுப்பர்டால்னு ஒரு ஊர், 1901-லேர்ந்து ஓடுது, 13.3 கிலோமீட்டர், பெரும்பகுதி வுப்பர் ஆத்துக்கு நேர் மேலயே போகும். குறுகலான பள்ளத்தாக்கு, ரோடு போடவே எடம் இல்ல, ஆறு தான் காலியா இருந்துச்சு, அதுக்கு மேல கட்டிட்டாங்க. 120 வருசத்துக்கு மேல ஆகியும் ஊர் சனம் தெனமும் அதுல தான் வேலைக்கு போகுது. மோனோரயில்னாலே விளையாட்டு சாமான், தீம் பார்க் சமாச்சாரம்னு சொல்றவங்களுக்கு நான் மொதல்ல காட்டுற ஊரு இது தான்.

நம்ம கேஎல் மோனோரயில யாரு கட்டுனது? ஜப்பான்காரனா?

ஜப்பான்காரன் கட்ட வேண்டியது. ஹிட்டாச்சி ரயில் கொடுக்குறதா தான் மொத திட்டம். 1997 கடைசில பொருளாதாரம் விழுந்து ரிங்கிட் சரிஞ்சப்ப வேல நின்னு போச்சு, அப்புறம் எம்டிரான்ஸ்னு உள்ளூர் கம்பெனி ஒன்னு, நாங்களே ரயில் செய்றோம்னு எறங்கி முடிச்சாங்க. 2003 ஆகஸ்ட் 31, சுதந்திர தினத்தன்னிக்கு ஓட ஆரம்பிச்சுச்சு. 8.6 கிலோமீட்டர், 11 ஸ்டேஷன், கேஎல் சென்ட்ரல்லேர்ந்து தித்திவாங்சா வரைக்கும்.

மலேசியால செஞ்ச ரயில்னு அப்ப எங்களுக்கு எல்லாம் அவ்ளோ பெருமை. இப்பவும் எனக்கு அந்த பெருமை இருக்கு, அத சொல்லிட்டு தான் கீழ வர்ற கஷ்டங்கள சொல்லணும்.

காலைல ஏறவே முடியல. கூட ரெண்டு பெட்டி மாட்டுனா என்னவாம்?

மாட்ட முயற்சி பண்ணாங்க. ரெண்டு பெட்டி ரயில்ல நெருக்கி நின்னா 200 பேருக்கு கொஞ்சம் மேல ஏறலாம். எம்.ஆர்.டி நாலு பெட்டில 1,200 பேர். இதுலயே தெரிஞ்சிரும் எவ்ளோ வித்தியாசம்னு. 2011-ல நாலு பெட்டி வச்ச 12 ரயிலுக்கு ஆர்டர் போட்டாங்க, ஸ்கோமிங்கிற உள்ளூர் கம்பெனிக்கு, எம்டிரான்ஸ வாங்குனது இவங்க தான். அதுக்காக டிப்போவையும் பெருசு பண்ணாங்க. ஆனா ரயிலுங்க லேட்டாச்சு, ஆர்டர் பண்ண 12-ம் முழுசா வரல, 2016-ல ஒப்பந்தத்தையே முறிச்சுக்கிட்டாங்க, வழக்கு வரைக்கும் போச்சு. பெட்டி சேர்க்குறது ஒரு பெரிய விசயமே இல்ல, அந்த பெட்டிய செய்ய யாரு இருக்கா, அங்க தான் சிக்கல். அடுத்த கேள்வியும் அது தான், அதுக்கு கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

உள்ளூர் கம்பெனிக்கு முடியலனா வேற நாட்டுலேர்ந்து வாங்கிக்க வேண்டியது தானே அண்ணே? உலகத்துல ரயில் கம்பெனிக்கா பஞ்சம்?

இந்த பக்கத்துல நீங்க ஒரே ஒரு பதில் தான் படிப்பீங்கன்னா இத படிங்க.

அம்பாங் எல்.ஆர்.டி லைன எடுத்துக்குங்க, 1996-ல ஆரம்பிச்சது. மொதல்ல ஓடுனது ஆட்ட்ரான்ஸ்னு ஐரோப்பா கம்பெனி ரயில். அது பழசாச்சு, அந்த கம்பெனியும் வேறொருத்தர் கைக்கு போயிருச்சு. என்ன பண்ணாங்க? சீனாவுல ஜூஜோவ்ல செஞ்ச புது ஆறு பெட்டி ரயில் வாங்கி அதே தண்டவாளத்துல விட்டாங்க, பழச தூக்கிட்டாங்க. ஏன்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்க அகலம் 1,435 மில்லிமீட்டர், உலகத்துல பெரும்பாலான மெட்ரோ லைனுக்கும் அதே அளவு தான். ஜெர்மன்காரன், கொரியாக்காரன், சீனாக்காரன், ஸ்பெயின்காரன்னு பத்து பேர் டெண்டர் போடுவான். நம்ம எம்.ஆர்.டி-லயே காஜாங் லைன் ரயில் சீமென்ஸ், புத்ராஜெயா லைன் ரயில் ஹியூண்டாய் ரோட்டம்.

மோனோரயில் பீமுக்கு அப்படி ஒரு பொது அளவு கெடையாது. பம்பார்டியரோட 300 மாடலுக்கு பீம் அகலம் 69 சென்டிமீட்டர், ஹிட்டாச்சிக்கு அத விட அகலம், நம்மளுது நம்ம கம்பெனி வச்ச அளவு. பீமோட அகலம், ஒசரம், ரயிலுக்கு கரண்ட் கொடுக்குற பட்டை எங்க ஒட்டிருக்கு, டயர் எங்க படுது, எல்லாமே மாறும். அதனால இன்னொரு கம்பெனி நமக்கு ரயில் செய்யணும்னா கடைல இருக்கத எடுத்து கொடுக்க முடியாது, நம்ம ஒரு லைனுக்காக, 8.6 கிலோமீட்டருக்காக, தனியா டிசைன் பண்ணணும். செய்யலாம், முடியாதது இல்ல. ஆனா ஒரு ரயிலோட வெல எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. செருப்பு கடைல இல்லாத சைஸ் கால் மாதிரி, ஒவ்வொரு தடவையும் தைக்க தான் கொடுக்கணும், தைக்கிறவர் கடைய மூடிட்டா வெறுங்கால் தான்.

ஜப்பான்ல, சீனாவுல எல்லாம் சூப்பரா ஓடுதே, நமக்கு மட்டும் ஏன் இப்படி?

ஜப்பான்ல ஒக்கினாவா தீவுல நாஹானு ஒரு ஊர் இருக்கு. அங்க யுய் ரயில்னு ஒரு மோனோரயில், 2003 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆரம்பிச்சது, நம்மளுக்கு மூணே வாரம் மூத்தது. அதுவும் ரெண்டு பெட்டி தான். 2019-ல லைன நீட்டுனாங்க, 2023-ல மூணு பெட்டி ரயில் வந்துச்சு. ஒரே மாசம் பொறந்த ரெண்டு புள்ள மாதிரி நான் இத ரெண்டையும் பாத்துகிட்டே வர்றேன், ஒன்னு வளந்துச்சு, இன்னொன்னு அப்படியே நின்னுருச்சு, மனசு கஷ்டமா இருக்கும்.

காரணம் மேல சொன்னது தான். தோக்கியோ மோனோரயில் 1964 ஒலிம்பிக்குக்கு மின்ன வந்தது, அதுக்கப்புறம் கித்தாக்யூஷூ, ஒசாக்கா, தாமா, நாஹானு ஹிட்டாச்சி ஒவ்வொரு ஊரா போட்டுகிட்டே வந்தாங்க. ஒரு ஊருக்கு டயர், மோட்டார், கதவு செய்றவன் நாலு ஊருக்கு செய்றான், அதனால கடை மூடல. சீனாவுல சொங்சிங் இன்னும் ஒரு படி மேல, அது முழுக்க மலையும் ஆறும், ரோடே மாடிப்படி மாதிரி ஏறி எறங்கும். ரப்பர் டயர் ஏத்தத்துல நல்லா ஏறும், திருப்பத்துல வளைஞ்சு போகும், அதனால அங்க மோனோரயில் சரியான தேர்வு. ஹிட்டாச்சி டெக்னாலஜிய வாங்கி உள்ளூர்லயே செய்ய கத்துக்கிட்டாங்க. 2011-ல தொறந்த அவங்க மூணாவது லைன் மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல, எட்டு பெட்டி ரயில் ஓடுது. மோனோரயில்ல கூட்டத்த தூக்க முடியாதுனு யாராவது சொன்னா அது தப்பு, தூக்கலாம், ஆனா அந்த அளவுக்கு கட்டுனா தான் தூக்கும்.

மோனோரயில் மலிவுனு தானே ஆரம்பத்துல சொன்னாங்க?

கட்ட மலிவு தான், அது பொய்யில்ல. பீம் மெலிசு, தூண் மெலிசு, ரோட்டு நடுவுல இருக்க திட்டுலயே தூண நட்டுடலாம், வீடு கடைய ஒடைக்கிறது கம்மி. கேஎல் லைனுக்கு சுமார் 118 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு. கட்டுன தனியார் கம்பெனிக்கு 40 வருசம் நடத்துற உரிமை கொடுத்தாங்க, ஆனா டிக்கெட் காசுல கடன அடைக்க முடியாம 2007-ல அரசாங்க கம்பெனி பிரசரானா எடுத்துக்க வேண்டியதாச்சு. நாலு வருசம் தான் தாங்குச்சு. நடத்துற செலவுல டயர் மாத்துறது ஒன்னு, ரப்பர் இரும்ப விட உருள கஷ்டப்படும் அதனால கரண்ட் கூட இழுக்கும் அது ஒன்னு, ஸ்பேர் பார்ட்ஸ் பெருசா ஒன்னு.

கேஎல் சென்ட்ரல்ல எறங்கி ஏன்பா அவ்ளோ தூரம் நடக்கணும்? மூட்ட முடிச்சோட வந்தா உயிர் போவுது

அக்கா, இப்ப நு சென்ட்ரல் மால் வழியா ஏர்கான்ல நடக்குறீங்க. அந்த மால் 2014-ல தான் தொறந்துச்சு, அதுக்கு மின்ன பத்து வருசம் வெயில்லயும் மழைலயும் ரோட்ட தாண்டி போகணும். பேரு மட்டும் கேஎல் சென்ட்ரல், ஸ்டேஷன் இருந்தது எதிர்ப்பக்கம். புக்கிட் நானாஸ்ல எறங்கி டாங் வாங்கிங்கிற எல்.ஆர்.டி ஸ்டேஷனுக்கு போறதும் வெளிய வந்து நடக்குற கதை தான். தனித்தனி கம்பெனி தனித்தனியா கட்டுனா இப்படி தான் வரும்.

இது மோனோரயில் டெக்னாலஜியோட குத்தம் இல்லங்கிறத மட்டும் கவனிச்சுக்குங்க. ஆனா சனங்க மோனோரயில் பிரயோசனம் இல்லனு சொல்றப்ப பாதி நேரம் அவங்க சொல்றது இந்த நடைய தான்.

டயர் கழண்டு கீழ விழுமாமே? ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல நடக்கவே பயமா இருக்கு

நடந்திருக்கு, மறைக்க ஒன்னும் இல்ல. 2002 ஆகஸ்ட்ல, தொறக்குறதுக்கு ஒரு வருசம் மின்ன, சோதனை ஓட்டத்துல ஒரு சேஃப்டி சக்கரம் கழண்டு கீழ நடந்து போன ஒரு பத்திரிகையாளர் மேல விழுந்துச்சு, அவருக்கு நல்ல காயம். பேங்காக்ல புதுசா போட்ட மஞ்சள் லைன் மோனோரயில்லயும் 2024 ஜனவரில ஒரு வழிகாட்டி சக்கரம் கழண்டு டாக்சி மேல விழுந்துச்சு. அதுக்கு ஒன்பது நாள் மின்ன தான் அங்க இளஞ்சிவப்பு லைன்ல கரண்ட் பட்டை சரிஞ்சு ரோட்டுல விழுந்துருந்துச்சு.

எல்.ஆர்.டி பாதை கீழ பலகை மாதிரி மூடிருக்கும், ஏதாவது விழுந்தா அது மேலயே நிக்கும். மோனோரயில்ல பீம் மட்டும் தான், ரெண்டு பக்கமும் காலி, விழுறது நேரா ரோட்டுக்கு வரும். வெளிச்சம் மறைக்காம அழகா மெலிசா இருக்குனு எத புகழ்றோமோ அதுலேர்ந்தே தான் இந்த ஆபத்தும் வருது. அதனால நட்டு போல்ட்டு பாக்குற வேலய ஒரு நாள் கூட தள்ளிப்போட கூடாத சிஸ்டம் இது. அதுக்காக பயந்து அந்த ரோட்டுல நடக்காம இருக்க தேவையில்ல, நான் தெனமும் அதுக்கு அடியில தான் சோறு வாங்க போறேன்.

ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல நின்னுட்டா எப்படி எறங்குறது? படி கூட இல்லையே

எல்.ஆர்.டி-ல பாதை ஓரமா நடந்தே அடுத்த ஸ்டேஷனுக்கு போயிரலாம். கேஎல் மோனோரயில் பீம்ல நடக்க எடமே இல்ல. பின்னால இன்னொரு ரயில் வந்து தள்ளிகிட்டு போகணும், இல்லாட்டி பக்கத்து பீம்ல ஒரு ரயில நிப்பாட்டி பலகை போட்டு மாத்தணும், அதுவும் முடியலனா பொம்பா (தீயணைப்புப் படை) ஏணி வண்டி வரணும். புதுசா கட்டுற மோனோரயில்ல ரெண்டு பீமுக்கும் நடுவுல நடைபாதை போடுறாங்க, போட்டா பாதுகாப்பு, ஆனா அந்த மலிவும் மெலிசும் அதோட போயிரும்.

2025 ஆகஸ்ட்ல மும்பைல கொட்டுற மழைல மோனோரயில் நடுவழில நின்னுச்சு. 104 டன் தாங்குற ரயில்ல 109 டன் ஏறிருச்சு, சாய்ஞ்சு கரண்ட் தொடர்பு விட்டுப் போய், உள்ள நூத்துக்கணக்கான பேர், ஏர்கான் இல்ல. தீயணைப்புக்காரங்க ஏணி வச்சு ஒவ்வொருத்தரா எறக்குனாங்க.

ஒரு ரயில் கெட்டா ஏன் லைன் முழுக்க லேட்டாகுது?

தண்டவாளத்துல ஒரு லைன்லேர்ந்து இன்னொரு லைனுக்கு மாற ரெண்டு மெல்லிய இரும்பு கத்திய நகத்துனா போதும், சில வினாடி தான். மோனோரயில்ல மொத்த பீமையே நகத்தணும், டன் கணக்குல எடை, மெதுவா தான் வளையும். எடமும் புடிக்கும், காசும் ஆகும், அதனால கம்மியா தான் வைப்பாங்க. கெட்ட ரயில ஓரங்கட்ட வழி இல்லாதப்ப பின்னாடி வர்றது நிக்க தான் செய்யும்.

மும்பைனு சொன்னீங்களே, அது நம்ம ஊர் ரயில்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. மேல சொன்ன அதே ஸ்கோமி, இந்தியாவோட எல் அண்ட் டி கூட சேர்ந்து போட்டது. 2014 பிப்ரவரில மொத பகுதி தொறந்துச்சு, 2017-ல ரெண்டு பெட்டி தீப்புடிச்சு மாசக்கணக்கா நின்னுச்சு, 2018-ல ஒப்பந்தம் ரத்து, 2019-ல ரெண்டாவது பகுதி. மொத்தம் 20 கிலோமீட்டர் பக்கம். ஏணி சம்பவத்துக்கு அடுத்த மாசமே, 2025 செப்டம்பர்ல, சேவைய நிறுத்தி வச்சாங்க. பிரேசில்ல சாவ் பாலோ ஊர்ல ஒரு லைனுக்கும் ஸ்கோமி தான் ரயில் கொடுக்க வேண்டியது, முடியாம போய் கடைசில சீன கம்பெனி பிஒய்டி கிட்ட போச்சு. ஜப்பான்ல நாலஞ்சு ஊருக்கு ஒரு கம்பெனி தெம்பா நின்னுச்சு, இங்க கம்பெனி படுத்ததும் மூணு நாட்டு லைன் சேர்ந்து படுத்துச்சு.

சென்னைக்காரங்க கேப்பீங்க: 2011-ல உங்க ஊருக்கும் மோனோரயில்னு அறிவிச்சாங்க, பூந்தமல்லி கத்திப்பாரானு ரூட் எல்லாம் போட்டு, கடைசில கட்டல. மெட்ரோ தான் வந்துச்சு. நீங்க எதையும் எழக்கலனு தான் நான் நெனக்கிறேன்.

புத்ராஜெயால பாதில நிக்கிற தொங்கு பாலம் என்னாது?

மோனோரயிலுக்காக கட்டுன பாலம். 2000-கள் ஆரம்பத்துல வேல தொடங்கி, நடுவுல நிறுத்திட்டாங்க. ஊர்ல அப்ப அவ்ளோ சனம் இல்ல. இப்ப 2023 மார்ச்லேர்ந்து எம்.ஆர்.டி புத்ராஜெயா சென்ட்ரலுக்கே போகுது. மலாக்கா ஆத்தோரம் ஒரு குட்டி மோனோரயில் 2010-ல தொறந்து மறுநாளே நின்னுச்சு, 1.6 கிலோமீட்டர், அது சுற்றுலாவுக்கு போட்டது, போக்குவரத்து கணக்குல நான் சேக்குறதில்ல.

மாமா, பினாங்குல மோனோரயில் போடுறேன்னு சின்ன வயசுல கேட்ட ஞாபகம். இப்ப ஏன் எல்.ஆர்.டி?

ஞாபகம் சரி தான் மருமகளே. ஒன்பதாவது மலேசியத் திட்டத்துல, அதாவது 2006 வாக்குல, பினாங்குக்கு மோனோரயில்னு இருந்துச்சு, 2008-ல ஒத்திப் போட்டாங்க, அப்படியே போச்சு. இப்ப வர்றது முத்தியாரா லைன், 29 கிலோமீட்டர், சிலிக்கான் தீவுலேர்ந்து விமான நிலையம், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியா, கோம்தார் வழியா வந்து கடல தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரைக்கும். 2025 ஜனவரில பூமி பூஜை மாதிரி ஆரம்ப விழா நடந்துச்சு, 2031-ல முடிக்கிறதா சொல்றாங்க.

எல்.ஆர்.டி எடுத்தது சரினு நான் நெனக்கிறேன். பாலம் ஜாம்ல மாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் பெறையிலேர்ந்து தீவுக்கு வேலைக்கு வர்ற கூட்டம் எவ்ளோனு உங்களுக்கே தெரியும், அத ரெண்டு பெட்டி வச்சு தூக்க முடியாது. 20 வருசம் கழிச்சு புது ரயில் வேணும்னாலும் பத்து கடை இருக்கும். கடலுக்கு மேல நிக்கிற ரயில்லேர்ந்து சனத்த எறக்குறத யோசிச்சு பாருங்க, ஏணி வண்டி எங்க நிக்கும்? எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, ஜார்ஜ்டவுன் உள்ள லெபோ பசார் பக்கம் எல்லாம் ட்ராம் வந்துருக்கணும். அந்த ஊர்ல 1906-லயே கரண்ட் ட்ராம் ஓடுச்சு, அப்புறம் 1961 வரைக்கும் ட்ராலிபஸ் (மேல கம்பிலேர்ந்து கரண்ட் எடுத்து ஓடுற பஸ்) ஓடுச்சு. இருந்தத எடுத்துட்டு நூறு வருசம் கழிச்சு என்ன போடலாம்னு கூட்டம் போட்டு பேசுறோம்.

பினாங்கு ஹில் ரயிலும் விசித்திரமான சிஸ்டம் தானே, அது மட்டும் எப்படி 100 வருசமா ஓடுது?

நல்ல கேள்வி. 1923-லேர்ந்து ஓடுது. கயிறு கட்டி இழுக்குற ரயில், ஒரு பெட்டி ஏறும்போது இன்னொன்னு எறங்கி எடைய சமன் பண்ணும், நடுவுல ஒதுங்கி வழி விட்டுக்கும். முன்ன நடு ஸ்டேஷன்ல மாறணும், 2011-லேர்ந்து நேரா மேல போயிருது. மலை ஏற வேற எதுவும் அவ்ளோ பொருத்தமா வராது, அதே வகை ரயில் சுவிட்சர்லாந்துலயும் வேற மலை நாடுகள்லயும் எக்கச்சக்கமா இருக்கு, செய்ற கம்பெனியும் இருக்கு. விசித்திரமா இருக்குறது பிரச்சனை இல்ல, தனியா இருக்குறது தான் பிரச்சனை.

தண்டவாளமே இல்லாம ஓடுற ட்ராம் வந்துருச்சாமே, கூச்சிங்ல டெஸ்ட் பண்றாங்களே, எல்லா ஊருக்கும் அத போட்டா மலிவா முடிஞ்சிருமே?

அதுக்கு ஏ.ஆர்.டினு பேரு, 2017-ல சீனாவுல ஜூஜோவ்ல காட்டுனது. ரோட்டுல வரைஞ்ச கோட்ட கேமரா பாத்து தன்னால திரும்பும், மூணு பெட்டி, ரப்பர் டயர். கூச்சிங்ல ஹைட்ரஜன்ல ஓடுற மாதிரி கொண்டு வர்றாங்க. எனக்கு இது மேல வெறுப்பு இல்ல, ஆனா ரெண்டு விசயம் யோசிக்கணும். சாதாரண பஸ் டயர் கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படினு ரோடு முழுக்க பரவி ஓடும், இது ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டர் மாறாம அதே எடத்த மிதிக்கும், தார் ரோடு பள்ளம் விழுந்துரும். அப்புறம் அடியில கான்கிரீட் போடணும், அப்ப செலவு ட்ராம் பக்கத்துல வந்துரும். ரெண்டாவது, தனி லேன் இல்லாம ஜாம்ல விட்டா அது நீளமான பஸ், அவ்ளோ தான்.

பிரான்ஸ்ல காங், நான்சினு ரெண்டு ஊர்ல இதோட அண்ணன் முறை ஒன்னு போட்டாங்க, நடுவுல ஒரே ஒரு தண்டவாளம், ரப்பர் டயர் வண்டி. காங்ல 2002-லேர்ந்து 2017 வரைக்கும் ஓட்டிட்டு தூக்கிட்டு, 2019-ல சாதாரண இரும்பு சக்கர ட்ராம் போட்டாங்க. நான்சில 2023-ல நின்னுச்சு. வேற யாரும் வாங்கல, அதனால செய்றவங்களும் விட்டுட்டாங்க.

ஹைப்பர்லூப் வந்தா கேஎல்லேர்ந்து பினாங்குக்கு அரை மணி நேரம்னு வீடியோ பாத்தேன்!

ஹைப்பர்லூப்னா காத்த உறிஞ்சி எடுத்த குழாய்க்குள்ள பெட்டிய வேகமா ஓட்டுற யோசனை. அந்த பேர்ல பெருசா ஆரம்பிச்ச ஹைப்பர்லூப் ஒன் கம்பெனி 2020-ல ரெண்டு பேர வச்சு 500 மீட்டர் ஓட்டி காட்டுனாங்க, வேகம் மணிக்கு 172 கிலோமீட்டர். 2023 கடைசில கம்பெனிய மூடிட்டாங்க. நம்ம இ.டி.எஸ் (ஊர் விட்டு ஊர் போற கரண்ட் ரயில்) சாதாரண தண்டவாளத்துல 140-ல பட்டர்வொர்த் போகுது. காந்தத்துல மெதக்குற ரயில் அப்படி இல்ல, அது நெசமாவே ஓடுது, ஷாங்காய்ல 30 கிலோமீட்டர், மணிக்கு 430 வரைக்கும் போயிருக்கு. ஆனா 2004-லேர்ந்து அந்த லைன் நீளவே இல்ல, சீனா மீதி நாடு முழுக்க இரும்பு சக்கர அதிவேக ரயில் தான் போட்டுச்சு.

கெலானா ஜெயா லைனும் புது டெக்னாலஜினு தானே சொன்னாங்க? உங்க கணக்குபடி அதுவும் படுத்துருக்கணுமே

இத கேட்டது என் மச்சான், நல்லா மடக்குனான். உண்மை தான், 1998-ல வந்தப்ப அது புதுசு, டிரைவர் இல்ல, மோட்டார் சுத்தாது. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு அலுமினியப் பட்டை ஓடும் பாருங்க, அது மேல காந்த அலைய தள்ளி ரயில் முன்னால போகும், சக்கரம் சும்மா எடைய தாங்க மட்டும் தான். செய்றவன் ஒருத்தன் தான்: மொதல்ல பம்பார்டியர், இப்ப அல்ஸ்தோம்.

ஆனா அதே சிஸ்டத்த வான்கூவர் பெருசா வச்சு ஓட்டிகிட்டே இருக்கு, நியூயார்க் ஜே.எஃப்.கே விமான நிலையத்துல இருக்கு, அதனால ரயில் செய்ற பட்டறை மூடல. நம்மளும் 46 கிலோமீட்டர் வரைக்கும் நீட்டி பெரிய கஸ்டமரா ஆயிட்டோம். பாதை இரும்பு தண்டவாளம், பராமரிக்க தெரிஞ்சவங்க ஊர் முழுக்க இருக்காங்க. தொரொண்டோல அதே சிஸ்டம் 1985-லேர்ந்து ஒரு குட்டி லைனா நின்னுச்சு, யாரும் நீட்டல, புது ரயில் வாங்கல, 2023-ல கடைசி பெட்டி தடம் புரண்டதும் அப்படியே மூடிட்டாங்க. ஒரே டெக்னாலஜி தான், சின்னதா தனியா விட்ட எடத்துல செத்துச்சு. கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குள்ள ஓடுற ஏரோட்ரெயினும் பாருங்க, 1998-லேர்ந்து ஓடி 2023 மார்ச்ல நின்னுச்சு, புது ரயில் வந்து திரும்ப ஓட 2025 ஜூலை ஆச்சு, அதுவரைக்கும் பஸ்.

அப்ப பேசாம கேஎல் மோனோரயில இடிச்சிட்டு வேற போட்டா என்ன? சிட்னில அப்படி தானே பண்ணாங்க?

சிட்னில இருந்தது 3.6 கிலோமீட்டர் வட்டம், ஒரே பக்கம் தான் சுத்தும், 1988-ல போட்டு 2013-ல எடுத்தாங்க. சுற்றுலாக்காரங்க தவிர யாருக்கும் பெருசா தேவைப்படல. நம்மளுது அப்படி இல்ல. சௌகிட் சந்தை, மேடான் துவாங்கு, புக்கிட் பிந்தாங், இம்பி, பிரிக்பீல்ட்ஸ்னு சனம் நெஜமா போற எடமா பாத்து போட்ட ரூட் அது. இம்பிலேர்ந்து புக்கிட் பிந்தாங் திரும்புற எடத்துல கட்டடத்த ஒட்டிகிட்டு எப்படி வளைஞ்சு போகுதுனு ஜன்னல் ஓரம் நின்னு பாருங்க, அங்க எல்.ஆர்.டி கொண்டு வரணும்னா எத்தன கடைய ஒடைச்சிருக்கணும். இடிச்சு அதுக்கு பதிலா சுரங்கம் தோண்டுனா நகர மையத்துல எவ்ளோ வருசம் ரோடு மூடி கெடக்கும்.

அதனால பீம வச்சுக்கணும், ரயில் தான் வேணும். அந்த பீமோட அளவு, பெட்டியோட வரைபடம், பார்ட்ஸ் செய்ற முறை எல்லாம் ஒரு கம்பெனி கைல இல்லாம பொதுவுல இருக்கணும், அடுத்த டெண்டர்ல அத எழுத்துல போட்டு வாங்கணும், கூடவே 20 வருசத்துக்கு ஸ்பேர் தர்றதா கையெழுத்து வாங்கணும். டயர், பிரேக், கதவு மாதிரி தேயுற சாமான உள்ளூர்லயே செய்ய ரெண்டு பட்டறைக்கு கத்துக் கொடுக்கணும், செந்தூல்ல என் தாத்தா காலத்துல எஞ்சினையே பிரிச்சு மாட்டுன கைங்க இருந்த ஊரு இது. 2023-லேர்ந்து தித்திவாங்சால எம்.ஆர்.டி புத்ராஜெயா லைனும் வந்து சேர்ந்துருச்சு, மாதம் 50 வெள்ளி பாஸ் வச்சிருக்கவங்க அங்க எறங்கி மாறுறாங்க, காலைல ஏழரைக்கு போய் பிளாட்பாரத்துல நின்னு பாருங்க எத்தன பேர் அடுத்த ரயிலுக்காக காத்துகிட்டு இருக்காங்கனு.